சிவப்பு மூன்று, கறுப்பு மூன்று

மினியாபொலிஸ்
28 ஆகஸ்ட் 1989

திரு. டுவேன் ப்ரோக்னோ அவர்களுக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். உங்கள் முகவரி மாறவில்லை என்று என் தங்கை சோல்வே சொன்னாள். நீங்கள் எதையும் மாற்றுகிற ஆள் இல்லை என்பதால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

உங்கள் வீட்டு நிலவறையில், ஆளுக்கொரு கற்பனை வீரனாகப் பகடை எறிந்து நாம் விளையாடிய ஆட்டத்தின் விதிப்புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் வாங்கிவிட்டேன். இங்கே அலுவலகத்தில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு நானே ஆட்டம் நடத்தப்போகிறேன். அதற்கு, உங்கள் பாதாளக் கோட்டைக்கு நான் வரைந்துகொடுத்த வரைபடங்கள் வேண்டும். கட்டம்போட்ட தாள், மொத்தம் பதினொன்று. கற்பனை உங்களுடையதாக இருக்கலாம், கோடு என்னுடையது. நில அளவை அலுவலகத்திலிருந்து வந்து, சாப்பிடுவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் வைத்து வரைந்தேன்.

புதுப் புத்தகத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. எதிரியை வெட்ட என்ன எண் விழவேண்டும் என்பதை ஆடுகிறவனே தன் தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மறைப்பு அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்துகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தவம் கிடக்க வேண்டாம். இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
லீலண்ட் ஸ்டென்ரூட்

*

போர்ட் எட்வர்ட்ஸ், விஸ்கான்சின்
9 செப்டம்பர் 1989

லீ,

ஆறாம் வகுப்பில் என் சாப்பாட்டு டப்பாவுக்குள் தவளையைப் போட்டவன், இப்போது எனக்கு 'அவர்களுக்கு' போடுகிறான். காகித ஆலையில் என் மேலாளர்கூட என்னிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. கத்தியை எங்கே செருகியிருக்கிறாய் என்று பார்க்க உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கடைசி வரியில் இருந்தது.

புதுப் பதிப்பைக் கடையில் நின்றபடியே புரட்டிப் பார்த்தேன். கொலைகாரன் என்ற வீரர் வகையையே எடுத்துவிட்டார்கள். பேயைப் பேய் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை, ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். யாரோ அம்மாமார்கள் புகார் எழுதினார்களாம். பழைய புத்தகம் குப்பைமேடு என்பாய். இருக்கட்டும், எந்தக் குப்பையில் எது கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த மேஜையில் பகடை விழுந்தது விழுந்ததுதான், செத்தவன் செத்தவன்தான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை.

வரைபடங்கள் இத்துடன் இருக்கின்றன. அந்த நான்கு பேர் யார் என்று நீ எழுதவில்லை. அதில் உன் தங்கையும் ஒருத்தியா? போன சனிக்கிழமை அவள் பைக்குள்ளிருந்து புதுப் புத்தகத்தின் முதுகு எட்டிப் பார்த்தது. "என்ன இது?" என்றேன். "சமையல் புஸ்தகம்" என்றாள். "ட்ராகன் படம் போட்ட சமையல் புஸ்தகமா?" என்றேன். "காரமா சமைக்கிறதுக்கு" என்கிறாள். வெர்ன் வாயில் இருந்த பீரைத் துப்பிவிட்டான். இந்த மேஜையில் மிச்சம் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். அவளையும் நீ இழுத்துக்கொண்டுபோனால் நானும் வெர்னும் சீட்டு ஆடவேண்டியதுதான். அதுதான் உன் திட்டம் என்றால் நேராகச் சொல்.

டுவேன்

*

மினியாபொலிஸ்
17 செப்டம்பர் 1989

டுவேன்,

தபாலில் வந்தது பத்துத் தாள். நான் எழுதியது பதினொன்று. எதைக் காணோம் என்று பார்க்க எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாலம் இருக்கிற தாள். உல்லாக் செத்த இடம். தற்செயலாக அந்த ஒரு தாள்தான் தொலைந்தது என்று சொல்லப்போகிறாயா? யாருக்குக் காது குத்துகிறாய்?

இனிமேல் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும், பின்னால் 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று நீ சொல்லக்கூடாது. உன் பழைய இருபது முகப் பகடையில் இருபது வரை எண் கிடையாது. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, ஒவ்வொன்றும் இரண்டு முகத்தில். அதனால் ஒவ்வொரு எண்ணிலும் ஒரு முகத்தைக் கறுப்பாகவும் மற்றதைச் சிவப்பாகவும் க்ரேயானால் தீட்டிவைப்போம். கறுப்பு என்றால் உள்ளது உள்ளபடி, சிவப்பு என்றால் பத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கறுப்பு மூன்று மூன்றுதான். சிவப்பு மூன்று பதிமூன்று.

1983 அக்டோபர் 15, சனிக்கிழமை மத்தியானம். நான் ஆறு வருடமாக ஆடிவந்த என் குள்ள வீரன் உல்லாக் பாலத்தின் நடுவில் நிற்கிறான். பூதம் கோடரியை ஓங்குகிறது. பன்னிரண்டோ அதற்கு மேலோ விழுந்தால் உல்லாக் காலி. நீ மறைப்புக்குப் பின்னால் பகடையை எறிந்தாய். நான் பீர் எடுக்க உன் பின்னால் இருந்த குளிர்பெட்டிக்கு வந்தவன், உன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். மூன்று. கறுப்பு மூன்று. நீ திரும்பி என் கண்ணைப் பார்த்து, "பதிமூணு. அவ்ளோதான்டா" என்றாய். உல்லாக் பாலத்திலிருந்து பள்ளத்துக்குள் விழுந்தான். மந்திரம் போட்டு உயிர்ப்பிக்க உடம்புகூடக் கிடைக்கவில்லை. நான் என் மேல்சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அடுத்த வாரம் ஊரைவிட்டே போய்விட்டேன். வேலை கிடைத்ததை அன்று காலைதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், உனக்கு நினைவிருக்கும்.

"ஒரு குள்ளன் செத்ததுக்கா ஆறு வருஷம் பேசாம இருக்க?" என்று சோல்வே கேட்கிறாள். குள்ளனுக்காக இல்லை. பதினெட்டு வருட நண்பன் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னானா இல்லையா என்பது எனக்குத் தெரியவேண்டும். அது தெரியாமல் இந்த ஊரில் இன்னொரு நண்பனை வைத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை, முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

அந்தப் பகடையை அனுப்பு. உன் நிலவறை விளக்கில் சிவப்பைக் கறுப்பாகப் பார்த்திருப்பேனா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

லீலண்ட்

*

போர்ட் எட்வர்ட்ஸ்
3 டிசம்பர் 1989

லீ,

ஆலையில் கூடுதல் வேலை, அப்புறம் மான் வேட்டை, அதனால்தான் தாமதம். நீ வேறு காரணம் கண்டுபிடித்திருப்பாய்.

பகடையைத் தரமாட்டேன். கறுப்பு மூன்றைக் கண்டால் 'பார்த்தாயா' என்பாய், சிவப்பு மூன்றைக் கண்டால் 'நீ மறுபடி தீட்டிவிட்டாய்' என்பாய். ஒவ்வொரு எண்ணிலும் இரண்டும் இருக்கப்போகிறது, அதைப் பார்த்து நீ என்னத்தைக் கண்டுபிடிப்பாய்? அதைக் கடைசியாகத் தீட்டியதும் நீதான். அந்த வருடம் பிப்ரவரியில் என் சட்டைப் பையோடு துணி துவைக்கிற மெஷினுக்குள் போய் வெளுத்து வந்தபோது, "குடு, நான் பண்றேன், உனக்கு கை நடுங்கும்" என்று பிடுங்கிக்கொண்டு போனாய்.

உன் தங்கையை ஏவிவிடுவதை நிறுத்து. போன வாரம் வந்து, "டுவேன், அந்தப் பழைய பகடைய ஒரு நாள் குடேன், சும்மா பாத்துட்டுத் தரேன்" என்றாள். சும்மாவாம். ஆறு வருடமாக அந்தப் பகடை எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்காதவள்.

காலையில் எல்லாரிடமும் சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஆமாம், எல்லாரிடமும்தான் சொன்னாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

டுவேன்

*

மினியாபொலிஸ்
11 டிசம்பர் 1989

டுவேன்,

இரண்டரை மாதம் கழித்துப் பதில் போட்டு, அதிலும் கேள்விக்குப் பதில் இல்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை இப்படிக் கட்டிக் காப்பாற்றமாட்டான்.

நான் சோல்வேயை ஏவவில்லை. அவளாகத்தான் கேட்டிருக்கிறாள். நாம் இருவரும் அவளுக்கு எவ்வளவு அலுத்துப்போயிருக்கிறோம் என்பது உனக்குத் தெரியாது. இந்த ஜனவரிக்குள் முடிவு தெரியாவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிடுவதாகச் சொல்கிறாள், உன்னுடையதிலும் இருக்கமாட்டாளாம், என்னுடையதிலும் சேரமாட்டாளாம்.

அவள் கண் முன்னால் டப்பாவில் போடு. அவளே ஒட்டிக் கையெழுத்துப் போடட்டும். அதற்கும் முடியாது என்றால் உன் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். இனி எழுதமாட்டேன்.

லீலண்ட்

*

போர்ட் எட்வர்ட்ஸ்
6 ஜனவரி 1990

லீ,

பகடை இந்த இருமல் மிட்டாய் டப்பாவில் இருக்கிறது. நீ போன மறுநாள் இதற்குள் போட்டு மூடினேன், அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்திலும் எறியவில்லை. சோல்வே நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வெர்னும் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன் என்று அடம்பிடித்தான். "ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல?" என்று கேட்டுக்கொண்டேதான் ஒட்டினாள்.

பார்த்துக்கொள். பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறதோ அதை மறைக்காமல் எழுது.

டுவேன்

*

மினியாபொலிஸ்
14 ஜனவரி 1990

டுவேன்,

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

டப்பாவைத் திறந்து, ஜன்னலோரம் வைத்து, ஒரு மூன்றைக் கண்டுபிடித்தேன். சிவப்பு. அடுத்த மூன்றைத் தேடினேன். அதுவும் சிவப்பு. எனக்கு ரத்தம் கொதித்தது. கறுப்பு மூன்றையே அழித்துவிட்டான் பார், சோல்வேக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைத்தேன். உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதி, உறைக்குள்ளும் போட்டுவிட்டேன்.

அப்புறம் உருப்பெருக்கியை எடுத்தேன். அந்தச் சிவப்பு க்ரேயான் சிவப்பு இல்லை. வரைபடத்தில் எல்லைக்கோடு போட அளவை அலுவலகத்தில் வைத்திருப்போமே, அந்த மெழுகுப் பென்சில். அதன் நிறம் எனக்குத் தெரியும், ஒன்பது வருடம் என் விரலில் ஒட்டிக்கிடந்தது. உன் வீட்டில் அது இருக்க வழியே இல்லை. இருபது முகத்தையும் பார்த்தேன். சிவப்பு முகம் எல்லாவற்றிலும் அதே பென்சில், ஒரே கை. இரண்டு மூன்றும் சிவப்பு. இரண்டு ஏழும் கறுப்பு.

நான்தான் அப்படித் தீட்டியிருக்கிறேன். பத்து சிவப்பு, பத்து கறுப்பு என்று மொத்தத்தை எண்ணி, சரியாக இருக்கிறது என்று கொடுத்திருக்கிறேன். ஜோடி ஜோடியாகச் சரிபார்க்கவில்லை. நிலம் அளந்து சாப்பிடுகிறவன் செய்கிற காரியமா இது? அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பகடையில் மூன்று என்ற எண் விழவே முடியாது. பதிமூன்றுதான் விழும், அதுவும் இரண்டு மடங்கு. நான் எட்டிப் பார்த்தது கறுப்பாக இருந்திருக்கவே முடியாது. உன் தோள் நிழலில் கறுப்பாகத் தெரிந்ததை ஆறு வருடம் கறுப்பு என்று சாதித்திருக்கிறேன்.

நீ உண்மையைத்தான் சொன்னாய். உல்லாக்கைக் கொன்றது என் பென்சில். ஊரில் பாதிப் பேரிடம் உன்னைப் பொய்யன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

லீ

*

போர்ட் எட்வர்ட்ஸ்
28 ஜனவரி 1990

டேய் லீ,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் சும்மா இருந்தேன். இதோடு விட்டுவிடலாம், ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன். முடியவில்லை.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை என்று எழுதினேனே, அதுதான் பொய். முதல் வருடத்திலேயே விஷச் சிலந்தி உல்லாக்கைக் கடித்தது, கடிக்கவில்லை என்றேன். கூரை இடிந்து விழுந்தபோது பட்ட அடியைக் கூட்டிப் பார்த்தால் இருபத்தாறு வந்தது, அதைத் தாங்க உல்லாக்குக்கு உயிர்ப்புள்ளி இல்லை, ஒன்பது என்றேன். உன் அப்பா இறந்த மாதம் முழுக்க உல்லாக்கின் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. நீ அதைப் பார்த்துவிட்டு, "இதுலயாவது நமக்கு நேரம் நல்லாருக்குடா" என்று சிரித்தாய், அந்த மாதத்தில் நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான். இப்படி எண்ணை மாற்றிச் சொன்னது மொத்தம் பதினான்கு தடவை. பழைய பதிப்பு ஈவு இரக்கம் இல்லாதது, அதுதான் அதன் அழகு என்று ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவன் நான். மறைப்புக்குப் பின்னால் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பதிமூன்று விழுந்தது. வழக்கம்போல மூன்று என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீ பீரோடு என் பின்னால் வந்து நின்றாய். காலையில் சமையலறையில் சிப்ஸைத் தின்றுகொண்டே, "மினியாபொலிஸ்ல வேலை கெடச்சிருச்சு, அடுத்த வாரம் கெளம்புறேன்" என்று வெர்னுக்குச் சொல்கிற மாதிரி எனக்கும் சொன்னாய். ஒரு நாள் முன்னால், என்னிடம் மட்டும், வந்து சொல்லத் தோன்றவில்லை உனக்கு. அது மனதில் ஓடியது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். உல்லாக்கின் உயிரே போகிற எறியில் பகடை சொன்னதை முதல் தடவையாக அப்படியே சொன்னேன், உன்னைப் பழிவாங்குவதற்காக.

அதனால் உன் சந்தேகம் ஒரேயடியாகத் தப்பும் இல்லை. பதினொன்றாவது தாள் இத்துடன் இருக்கிறது. அதைத் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

டுவேன்

*

மினியாபொலிஸ்
18 பிப்ரவரி 1990

டேய் டுவேன்,

நீ பொய் சொன்னதைவிட உண்மையைச் சொன்னதுதான் என்னை அதிகம் படுத்துகிறது.

அப்படியென்றால் உல்லாக் முதல் வருடமே சிலந்தி கடித்துச் செத்தவன். அதற்குப் பிறகு அவன் பிடித்த கோட்டை, வெட்டிய பூதம், இங்கே புதுப் பசங்களிடம் நான் அடித்துக்கொள்கிற பெருமை, எல்லாம் நீ போட்ட பிச்சையா? அதில் எது நான் ஜெயித்தது? பழைய தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு சண்டையையும் சந்தேகப்பட்டேன். நான்கு நாள் உன்மேல் சரியான கோபம். சோல்வேயிடம் போனில் கத்தினேன். "ஆறு வருஷம் அவன் உன்னக் கொன்னுட்டான்னு அழுத. இப்ப காப்பாத்திட்டான்னு அழுவுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

வேலை கிடைத்ததை உன்னிடம் முதலில் சொல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. தனியாகச் சொல்லியிருந்தால் நீ போகாதே என்று சொல்லியிருப்பாய். நான் போயிருக்கமாட்டேன். அந்தப் பயத்தில்தான் கூட்டத்தோடு கூட்டமாகச் சொன்னேன்.

இங்கே என் மேஜையில் எல்லாம் புத்தகப்படி நடக்கிறது. பகடையை நடு மேஜையில் எறிகிறோம், மறைப்பு கிடையாது, புதுப் பதிப்பு ஒரு குழப்பமும் இல்லாமல் ஓடுகிறது. இன்னும் அது நல்ல பதிப்பு என்றுதான் சொல்வேன், அதில் நான் இறங்கிவரப்போவதில்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை ஒரு பையனின் பாத்திரம் செத்தது. எல்லாரும் தாளைப் பார்த்தார்கள், எண் சரிதான் என்றார்கள், அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

மார்ச் 3 சனிக்கிழமை ஊருக்கு வருகிறேன். பழைய புத்தகத்தையே வைத்து ஆடு. மறைப்பும் இருக்கட்டும். உல்லாக் செத்தவன்தான், அவனைக் கேட்கமாட்டேன். புதிதாக ஒரு குள்ளனை உருவாக்கியிருக்கிறேன், பழைய முறைப்படி ஆறு முகப் பகடை மூன்றை ஒரே ஒரு தடவை எறிந்து. பலத்துக்குப் பதினெட்டு விழுந்தது, அதற்கு மேல் எண் கிடையாது. என் சமையலறையில், நான் மட்டும் இருக்கும்போது எறிந்தேன். யாரும் பார்க்கவில்லை. நீ நம்பித்தான் ஆகவேண்டும்.

லீ

*

போர்ட் எட்வர்ட்ஸ்
22 பிப்ரவரி 1990

டேய்,

மூன்று பகடையும் ஆறு விழுந்ததா, முதல் எறியிலேயே, ஆள் இல்லாத வீட்டில்? வெர்னிடம் படித்துக் காட்டினேன், நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான். பச்சைப் பொய் என்கிறான். சோல்வேயும் அதையேதான் சொல்கிறாள், உன்கூடப் பிறந்தவள்.

இரண்டு மணிக்கு வந்துவிடு. பகடையைக் கொண்டுவா, ஆனால் நீ தீட்டாதே, அதை சோல்வே பார்த்துக்கொள்வாள்.

என் நோட்டில் பதினெட்டு என்றே எழுதிக்கொண்டேன்.

டுவேன்